சூட்டோடு மூடாத தட்டு

மாமா,

இன்று காலை பாத்திரத்தின் அடியில் மாவு படிந்திருந்தது. உருளைக்கிழங்கைக் குச்சி குச்சியாக நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து தண்ணீரை வடித்தால் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படலம். அப்படியே சிங்கில் ஊற்றியிருக்கலாம், கை போகவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நீங்கள் தேய்ப்பீர்களே அப்படி. உங்களுக்கு அது முதல் தரமா இரண்டாம் தரமா என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு விரல் வெள்ளையானதோடு சரி.

மதிய பஸ்ஸுக்குத் தாரணி வருகிறாள். கல்லூரி விடுமுறை. வரும்போதே ஃபிரைஸ் இருக்க வேண்டும் என்று உங்கள் பேத்தி போனில் உத்தரவு போட்டுவிட்டாள். கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு விற்கிறதுதானே, அங்கேயே தின்றுவிட்டு வாயேன் என்றேன். "அப்பாரு செய்யற மாதிரி இருக்காதும்மா" என்கிறாள். அடுப்படியில் வெந்தது நான், பெயர் மட்டும் அவளுடைய அப்பாருவான உங்களுக்கு. நீங்கள் இருந்தபோதும் இதே கதைதான்.

முதல் தடவை பொரித்து எடுத்தாயிற்று. தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறிய பிறகுதானே இரண்டாவது பொரிப்பு. அதுவரை சும்மா உட்கார முடியாமல் இதை எழுதத் தொடங்கினேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே மாதக்கணக்கில் ஒரு வார்த்தை நேராகப் பேசாதவர்கள் அல்லவா நாம்?

மாமனாரிடம் மருமகள் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று எனக்கு யாரும் சட்டம் போடவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை அப்படித்தான் நடத்திக் காட்டினார்கள், நானும் அப்படியே பழகிக்கொண்டேன். அத்தை இருந்தவரை அவர்கள் வழியாகத்தான் எல்லாம். அவர்கள் போன பிறகு நாமகிரிப்பேட்டைப் பக்கம் இருந்த உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் மகன் உங்களைச் சங்ககிரிக்குக் கூட்டி வந்தார். கொண்டுவந்து விட்ட மூன்றாம் நாள் அவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு முறை வருகிற மனிதர். வீட்டில் நீங்கள், நான், நடுவில் தாரணி.

அவள்தான் நமக்கு டெலிபோன். நீங்கள் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் அவளிடம், "அப்பாருகிட்டச் சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு" என்பேன். அவள் சொல்வதற்கு முன்பே நீங்கள் எழுந்துவிடுவீர்கள். சாப்பிட்டு முடித்து, "கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி" என்பீர்கள். அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்க வருவதென்றால் முதலில் ஒரு செருமல். நான் முந்தானையைச் சரிசெய்து ஒதுங்குவதற்கு நேரம் கொடுத்து, பிறகுதான் உள்ளே வருவீர்கள். ஒரு நாளும் செருமாமல் வந்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர, அதற்கு வருகிறேன்.

தாரணி பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல்லில் விடுதிப் பள்ளிக்குப் போனாள். டெலிபோன் கம்பி அறுந்தது. காலையில் சமைத்து மேசையில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு, லாரி புக்கிங் ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடுவேன். மாலையிலும் அதேதான். தட்டை வைத்துவிட்டு டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன், அதுதான் அழைப்பு. நீங்கள் சாப்பிட்டு உங்கள் தட்டை நீங்களே கழுவிக் கவிழ்த்திருப்பீர்கள். இந்த வீட்டில் மிக்ஸி ஓடும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

உங்கள் மஞ்சள் துணிப்பை வேறு என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வந்த நாளிலிருந்து அது உங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாளில்தான் தொங்கியது. சட்டை வேட்டியெல்லாம் அதிலிருந்து வெளியே வரும், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதற்குள்ளேயே போகும். பீரோவில் ஒரு தட்டு முழுவதும் காலி செய்து வைத்திருந்தேன். நீங்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. விருந்தாளி கூட இப்படி இருக்க மாட்டான் என்று எனக்குக் கோபம் வரும். கோபத்தை யாரிடம் சொல்வது?

ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நீங்கள் ஊர்க்காரர் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது. "அடுத்த மாசம் ஊட்டுக்கே வந்தர்றனுங்க. பொம்பளப்புள்ள தனியா இருக்கற எடத்துல நான் எதுக்குங்க எடைஞ்சலா?" வெளியே அப்படியே நின்றுவிட்டேன். பூட்டிக் கிடக்கிற வீடு. அத்தை இறந்த வாரமே தலைசுற்றிக் குளியலறையில் விழுந்த ஆள் நீங்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நான் உங்களுக்காகப் பயப்படவில்லை. எனக்காகத்தான் பயந்தேன். நீங்களும் போய்விட்டால் இந்த வீட்டில் மனிதச் சத்தம் என்று ஒரு செருமல்கூட இருக்காது. போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நடுவில் ஆள் இல்லை.

அந்த வாரம்தான் விடுதியிலிருந்து தாரணி பேசினாள். சனிக்கிழமை ஐந்து நிமிடம். ஸ்பீக்கரில் போட்டேன், உங்களுக்கும் கேட்கட்டும் என்று. அழுதுகொண்டே பேசினாள். "பார்க்க வர்ற ஞாயித்துக்கிழமை ஃபிரைஸ் கொண்டு வாம்மா. நம்ம பஸ் ஸ்டாண்டு கடையில வாங்காத, நமுத்துப் போயிரும். நீயே மொறுமொறுன்னு செஞ்சு கொண்டு வா." விடுதியில் பெற்றவர்கள் போய்ப் பார்க்கும் ஞாயிறுக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலையே போனில் வீடியோ பார்த்துச் செய்தேன். நறுக்கி, கழுவாமல், கொதிக்கிற எண்ணெயில் போட்டேன். வெளியே கருகி, உள்ளே பச்சை. எடுத்து வைத்து வழக்கம்போலத் தட்டைப் போட்டு மூடி, டம்ளரைச் சத்தமாக வைத்தேன். நீங்கள் செருமினீர்கள், வந்தீர்கள், ஒன்றை எடுத்துக் கடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"கெழங்குல மாவுப்பால் போகலை அம்மிணி."

யாரிடம் பேசுகிறீர்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

ஆயுசில் பாதிக்கு மேல் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் இருந்தவர் நீங்கள். குச்சிக்கிழங்கை, மரவள்ளியை, அரைத்த பாலைத் தொட்டியில் விட்டு, மாவு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடிக்கிற வேலை. பிறகு களத்தில் ஜவ்வரிசி காயப் போடுகிறவர்களுக்கு மேஸ்திரி. கிழங்கை உடைத்து ஒரு கடி கடித்தால் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறதென்று சொல்லிவிடுவாராம் என்று உங்கள் மகன் பெருமை அடித்துக்கொள்வார். அந்த ஆள் இத்தனை மாதமாக என் வீட்டில் குழம்பு நன்றாயிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மறுநாள் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினேன். தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. அதைப் பார்த்து உங்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் நான் ஆபீஸ் போன பிறகு நீங்களே கிழங்கு நறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து ஜவ்வரிசி காய வைப்பதுபோலப் பரப்பி விட்டீர்கள். ஈரம் போனால்தானே மொறுமொறுப்பு! நான் வந்து பார்த்தபோது ஒவ்வொன்றும் கருத்துச் சுருண்டு கிடந்தது. நீங்கள் விடவில்லை, பொரிக்கச் சொன்னீர்கள். பொரித்தேன். கடித்தால் விறகு. நீங்கள் அதை வெகுநேரம் மென்றுவிட்டு, "உருளைக்கு வெய்யில் ஆகாதாட்டம் இருக்குது அம்மிணி" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. மாமனார் முன்னால் நான் சிரித்த முதல் சிரிப்பு அது. நீங்களும் சிரித்தீர்கள். அந்த வேட்டியின் கறை கடைசிவரை போகவில்லை.

அப்புறம் தினமும் மாலை அதுதான் வேலை. கடைக்கு நீங்கள் போவீர்கள். நகத்தால் தோலைக் கீறி, "இது புதுக் கெழங்கு, தண்ணி. பழசாப் பாத்து எடுக்கோணும்" என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவீர்களாம், அவரே என்னிடம் சொல்லி அழுதார். விரல் பருமனில் நறுக்கி, கழுவி, உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வைத்து, துணியில் பரப்பி விசிறிக்கு அடியில் ஈரம் இழுக்க விடுவது என்று ஒரு வழிக்கு வந்தோம். இரண்டு தடவை பொரிக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்து நான் சொன்னபோது மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "வெந்ததை மறுக்கா எதுக்கு வேக வெக்கோணும்?" என்றீர்கள். முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேக, ஆறிய பிறகு நல்ல சூட்டில் மேலே முறுக என்று விளக்கினேன். செய்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் ஒரு மர்மம். சட்டியிலிருந்து எடுக்கும்போது கரண்டியில் சலசலவென்று சத்தம் கேட்கும். மேசைக்குப் போய்ச் சேரும்போது சவசவ. மூன்று நாள் இதே கதி. எண்ணெய் மாற்றினேன், உப்பைக் கடைசியில் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பார்க்கும் ஞாயிறுக்கு ஐந்தே நாள் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நான்காம் நாள். பொரித்துத் தட்டில் கொட்டிவிட்டு, கை தன்பாட்டுக்கு மூடுகிற தட்டை எடுத்தது. அப்போதுதான் நீங்கள் செருமாமல் அடுப்படிக்குள் வந்தீர்கள். வந்தீர்கள் என்ன, பாய்ந்தீர்கள். "மூடாத! சூட்டோட மூடாத அம்மிணி!"

சமைத்த பண்டம் திறந்து கிடக்கக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. பல்லி விழும், தூசி விழும், கண் விழும். பதினேழு வருடமாக அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் என் கை அதை மூடிவிடும், என்னைக் கேட்காது. நீங்கள் சொன்னீர்கள்: "களத்துல இருந்து அள்ளுன சவ்வரிசியச் சூடு ஆறாம மூட்டை கட்டுனா உள்ளுக்குள்ளயே வேர்த்துப் போகும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. பிரிக்கறப்பத்தான் மூட்டையே நாறும். ஆற உடோணும். உள்ள இருக்கற வேர்வை வெளிய போகோணும். பொறகு மூடிக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் செருமாமல் வந்துவிட்டது உங்களுக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போய்த் திரும்பினீர்கள். "ஒண்ணு எடுத்துப் பாருங்க மாமா" என்றேன். அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நின்றுகொண்டே தட்டைக் காலி செய்தோம். கடைசி ஒன்று வரை சத்தம் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம், ஊருக்குப் போகாதீர்கள் என்று. வாய் வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பொரிப்பை வீட்டில் முடித்து, அகலத் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி மட்டும் போட்டு மடியில் வைத்துக்கொண்டீர்கள். திருச்செங்கோட்டில் பஸ் மாறினோம். கண்டக்டர் குனிந்து பார்த்து, "ஏனுங்க பெரியவரே, நாமக்கல்லுக்கே கோழிக்குஞ்சு கொண்டு போறீங்களா?" என்றார். "பேத்திக்குங்க. மூடுனா வேர்த்துப் போயிருமுங்க" என்று நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. இரண்டாவது பொரிப்பை எங்கே போடுவது என்று எனக்கும் அதுவரை புரியவில்லை. கேட்டதற்கு, "பாத்துக்கலாம்" என்றீர்கள்.

விடுதி வாசலுக்கு எதிரே ஒரு பஜ்ஜிக் கடை. நேரே அங்கே போய் நின்றீர்கள். ஊரில் ஒருவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிற மனிதர்.

"ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க அம்மிணி. உங்க சட்டியில இதை ரெண்டு நிமிசம் போட்டு எடுத்துக்கட்டுங்களா?"

கடைக்காரப் பெண் இடுப்பில் கை வைத்தார். "ஏனுங்கய்யா, நான் பஜ்ஜி போடறதா, உங்க கெழங்கப் போடறதா?"

"பேத்தி உள்ளார ஆஸ்டல்ல இருக்குதுங்க. மொத மாசம். நமுத்துப் போகாம வேணும்னு அழுதுச்சுங்க."

அந்தப் பெண் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சட்டியில் கிடந்த பஜ்ஜியை அள்ளி எடுத்துவிட்டு, அடுப்பைத் தூண்டிவிட்டு, "எண்ணெ நல்லாக் காயட்டும். அவசரப்படாதீங்க" என்றார். அவரே போட்டு, அவரே பதம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். தாள் போட்டு மூடித் தரவா என்று கேட்டதற்கு நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாமுங்க" என்று கத்தியதில் பயந்தே போனார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திறந்த தட்டைக் கையில் ஏந்தி, அந்த மைதானத்தில் நீங்கள் ஓடினீர்கள் மாமா. நடந்தீர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், ஓடினீர்கள். தாரணி முதல் குச்சியைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள். உப்பு போதுமா என்று நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள், போதும் மாமா என்றேன் நான். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" நீங்கள் பெரிதாகச் செருமினீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் காலித் தட்டு உங்கள் மடியில் இருந்தது. திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டபோது நான் சன்னலைப் பார்த்தபடியே சொன்னேன். "ஊருக்குப் போறேன்னு நீங்க போன்ல பேசுனது காதுல உழுந்துச்சுங்க மாமா. போகாதீங்க. தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குது." நீங்கள் பதில் சொல்லவில்லை. சங்ககிரி வரும்வரை தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்ற கணக்கு இதற்குச் செல்லுமா என்று அந்த இரவெல்லாம் எனக்குச் சந்தேகம்.

காலையில் அடுப்படி வாசலில் செருமல். "அம்மிணி, ஊட்டுல ஆணி ஏதாச்சும் இருக்குதா? சட்டை மாட்டோணும்." பீரோ காலியாக இருக்கிறது என்று சொல்ல வந்து, சொல்லாமல் ஆணியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அம்மிக் குழவியால் நீங்களே அடித்துக்கொண்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் பையை உதறி மடித்து என்னிடம் நீட்டினீர்கள். "இதுல கெழங்கு வாங்கியாந்துக்கலாம்."

நான்கு வருடம் அதில்தான் கிழங்கு வந்தது.

போன மாசியில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்படாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்கள் மகன் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. அதுவரை வந்தவர்களுக்குக் காபி, படுக்க இடம், சொல்லி அனுப்ப வேண்டியவர்கள், எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எப்படி நின்று செய்கிறாள் பாருங்கள் என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். மாமனாருக்கு மருமகள் எவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மூடிவிட்டேன். தாரணி அழ வந்தபோதும், காரியம் முடியட்டும் என்று அவளையும் அடக்கினேன். அதற்குப் பிறகு அவளும் நானும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம். இன்றைக்கு அந்த மாவைத் தொட்டபோதுதான் தெரிந்தது, சூட்டோடு மூடிய மூட்டை உள்ளே எப்படி வேர்த்துக் கிடக்கிறதென்று.

தட்டு ஆறிவிட்டது. எண்ணெய் வைக்க வேண்டும். பஸ் வருகிற நேரம். இன்றைக்கு அவளிடம் உங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் மாமா. வேட்டிக் கறையில் தொடங்குவேன். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுதுகொள்கிறோம்.

அதற்கு முன்னால் நான்கு குச்சியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வருவேன். உங்கள் சட்டை இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. தட்டை மூட மாட்டேன். இந்த எட்டு மாதமாக அந்த அறைக்குள் பெருக்கப் போனாலும் வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் போகிறேன். இன்றும் செருமிவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

உங்கள் அம்மிணி